மோட்டிவேஷன் வார்த்தைங்க: அர்த்தம் தெரிஞ்சும் எங்க சறுக்குறோம்

ரெசிலியன்ஸ், கிரிட், பேஷன், ஹம்பிள், அம்பிஷியஸ். வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸ், ஜிம் சுவரு, இன்டர்வியூல சொல்ற செல்ஃப் இன்ட்ரோ, எங்க பார்த்தாலும் இந்த அஞ்சாறு வார்த்தைதான் சுத்திக்கினு இருக்கு. நம்ம வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் வேலைக்கு ட்ரை பண்ற பசங்ககிட்ட அர்த்தம் கேட்டா டக்குனு சொல்லிடுவாங்க, மேட்டரே அந்த டக்குலதான் இருக்கு. நோட்ல ஒரு இங்கிலீஷ் வார்த்தை, நடுவுல ஈக்வல் சைன், பக்கத்துல ஒரு தமிழ் வார்த்தை, அத்தோட முடிஞ்சுது. அந்த வார்த்தையை யாரு யாரைப் பார்த்து சொல்லுவாங்க, பாராட்டா நக்கலா, கூட எந்த வார்த்தை ஒட்டிக்கினு வரும், இதையெல்லாம் யாரும் கண்டுக்கறதே இல்ல.

அம்பிஷியஸையே எடுத்துக்கோங்க. பழைய கைடுல பேராசைன்னு இருக்கும், ரீல்ஸ்ல லட்சிய வெறின்னு வரும். ஆளைப் பத்தி சொன்னா பெரும்பாலும் நல்ல வார்த்தைதான், பெருசா ஏதாவது பண்ணணும்னு நினைக்கிற ஆளு. ஆனா பிளானைப் பத்தி சொன்னா கதையே வேற. ஆபீஸ்ல நீங்க "சார், மொத்தத்தையும் வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடுறேன்"னு சொல்றீங்க, மேனேஜர் லேசா சிரிச்சிக்கினே "தட்ஸ் அம்பிஷியஸ்"ன்றாரு. அது பாராட்டு இல்லபா, நடக்கிற காரியமா பேசு தம்பின்றதை கொஞ்சம் மரியாதையா சொல்றாரு, தேங்க்யூ சார்னு சொல்லிட்டு வந்துடாதீங்க.

இன்டர்வியூல அடுத்த சறுக்கல் ஹம்பிள். "ஐ ஆம் எ வெரி ஹம்பிள் பர்சன்"னு நெஞ்சை நிமித்திக்கினு சொல்றாங்க. தமிழ்ல ஒருத்தன் வந்து நான் ரொம்ப தன்னடக்கமான ஆளுன்னு அவனே சொல்லிக்கினா தெருவே சேர்ந்து ஓட்டிடும் இல்ல, இங்கிலீஷ்லயும் அப்படித்தான், அது மத்தவங்க நம்மளைப் பத்தி சொல்ல வேண்டியது. "ஹம்பிள் பேக்ரவுண்ட்"னா அது வேற, பெரிய வசதி இல்லாத குடும்பம்னு அர்த்தம், அதை தாராளமா சொல்லலாம்.

பேஷன், அதாவது ஒரு விஷயத்து மேல தீராத ஆர்வம், இதைப் பத்தி கொஞ்சம் நீட்டி சொல்லணும், ஏன்னா அதுல குழப்பம் ஒண்ணு ரெண்டு இல்ல. முதல்ல எழுத்துப் பிரச்சினை, தமிழ்ல எழுதிப் படிச்சா துணிமணி ஃபேஷனும் இதுவும் ஒண்ணாவே தெரியும், போதாக்குறைக்கு பாதி பேருக்கு பேஷன்னா பைக்குதான் ஞாபகம் வரும். அடுத்தது, கம்பேஷன்னா இன்னும் பெரிய பேஷன்னு நினைச்சிக்கறது. "ஐ ஹேவ் கம்பேஷன் ஃபார் கோடிங்"னு சொன்னா கோடிங்கைப் பார்த்து எனக்குப் பாவமா இருக்குன்ற மாதிரி ஆயிடும். கம்பேஷன்னா இரக்கம், அடுத்தவன் கஷ்டத்தைப் பார்த்து நம்ம மனசும் கஷ்டப்படறது. ரெண்டும் ஒரே லத்தீன் வேர்ல இருந்து வந்ததுதான், அந்த வேருக்கு அர்த்தம் துன்பப்படறது. ராயபுரம் ஆளுங்களுக்கு இது ஈஸியா புரியும், ராயப்பர் பேர்ல இருக்கிற ஊராச்சே, பெரிய வெள்ளிக்கிழமை கோயில்ல வாசிக்கிற ஏசுவோட திருப்பாடுகளுக்கு இங்கிலீஷ்ல பேர் தி பேஷன். பாடு படறதுன்ற அர்த்தம்தான் பழசு, தீராத ஆர்வம்ன்றது அப்புறம் வந்து ஒட்டிக்கினது.

இப்போ ரெசிலியன்ஸ். நிறைய பேர் இதை வலிமைன்னு எழுதி வச்சிக்கிறாங்க, ஆனா ஸ்ட்ராங்கா இருக்கிறவன் அடிச்சாலும் விழாம நிப்பான், ரெசிலியன்ட்டான ஆளு அடி வாங்கி விழுந்துட்டு திரும்ப எழுந்து வருவான். திரும்பக் குதிச்சு வர்றதுன்ற லத்தீன் சொல்லுல இருந்து வந்தது. அர்த்தம் இவ்ளோதான், ஆனா சொல்ற இடம் முக்கியம். 2015 வெள்ளத்துக்கு அப்புறம் சென்னைக்காரங்களைப் பத்தி இந்த மாதிரி வார்த்தையா எழுதித் தள்ளினாங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர் முகத்துவாரத்துல எண்ணெய் கலந்து, படகு, வலை எல்லாம் கருப்பா பிசுபிசுன்னு ஆகி கிடந்துச்சே, அந்த நேரத்துல வலையைக் கழுவிக்கினு உக்காந்திருக்கிற அண்ணன்கிட்ட போய் "யூ பீப்பிள் ஆர் சோ ரெசிலியன்ட்"னு சொன்னா எப்படி இருக்கும்? நீங்கதான் எப்படியும் சமாளிச்சிடுவீங்களேன்னு கை கழுவுற மாதிரி இருக்கும். டிக்ஷனரியில இது நல்ல வார்த்தைன்னு மட்டும்தான் தெரியும், கேக்கறவனுக்கு எரிச்சல் வரும்ன்றது தெரியாது. நடந்து முடிஞ்சு, அந்த ஆளு எழுந்து நின்னப்புறம் சொன்னா சரியா உக்காரும்.

அடுத்து பிடிவாதக் குடும்பம்: டிட்டர்மின்ட், பர்சிஸ்டன்ட், ஸ்டபர்ன். மழையில கூட கிரவுண்டுக்கு வந்து ஃபுட்பால் பிராக்டிஸ் பண்ற பையன் டிட்டர்மின்ட், முட்டி வீங்கியிருக்கு ரெஸ்ட் எடுடான்னு கோச் சொல்லியும் இறங்கி ஆடுறவன் ஸ்டபர்ன், செலக்‌ஷன்ல ஒவ்வொரு தடவையும் பேர் வராம போனாலும் திரும்பத் திரும்ப வந்து நிக்கறவன் பர்சிஸ்டன்ட். இந்த கடைசி வார்த்தை இருமலோடயும் சேரும், "பர்சிஸ்டன்ட் காஃப்"னா விடாத இருமல், அதனால எப்பவுமே பாராட்டுன்னு நினைக்காதீங்க. கிரிட்டும் அப்படித்தான், மன உறுதிக்கும் அதே வார்த்தை, செருப்புல மாட்டுற பொடி மணலுக்கும் அதே வார்த்தை. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் சைல்டிஷ்னா சின்னப்புள்ளத்தனம், அது திட்டு, சைல்ட்லைக்னா குழந்தை மாதிரி கள்ளமில்லாத மனசு, அது பாராட்டு.

அப்புறம் இந்த ஃபார்வேர்டு பீலாங்க. சின்சியர்ன்ற வார்த்தை "மெழுகு இல்லாத"ன்ற லத்தீன்ல இருந்து வந்துச்சு, அந்தக் காலத்து சிற்பிங்க விரிசலை மெழுகு வச்சு மறைப்பாங்கன்னு ஒரு கதை ஓடுது. கேக்க நல்லா இருக்கு, ஆனா டிக்ஷனரிக்காரங்க அதை ஏத்துக்கல, சுத்தமானதுன்ற லத்தீன் சொல்லுல இருந்து வந்ததுன்னுதான் சொல்றாங்க. நியூஸ்னா நாலு திசையோட முதல் எழுத்துன்றதும் உடான்ஸ்தான். நிஜமான கதையே சூப்பரா இருக்கிற வார்த்தை இருக்கு, செரண்டிபிட்டின்னு. எதிர்பாராம நல்லது ஏதாவது கண்ணுல படறது. ஹொரேஸ் வால்போல்னு ஒரு இங்கிலீஷ்காரர் 1754ல ஒரு லெட்டர்ல இதை உருவாக்குனாரு, செரண்டிப்னா நம்ம பக்கத்துல இருக்கிற இலங்கையோட பழைய பேரு.

ஒரு நாளைக்கு 20 வார்த்தைன்னு மனப்பாடம் பண்றதும் வேஸ்ட். படிச்சதுல பெரும்பகுதி சீக்கிரமே மறந்துபோவும்னு எபிங்ஹாஸ்ன்ற ஜெர்மன்காரர் 1885லயே தன் மேலயே டெஸ்ட் பண்ணி எழுதிட்டாரு, அதனால ரெண்டு வார்த்தை போதும், ரெண்டு நாள் கழிச்சு நோட்டைப் பார்க்காம சொல்லிப் பாருங்க, ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை. அர்த்தம் பார்க்க லேர்னர்ஸ் டிக்ஷனரி, அதாவது இங்கிலீஷ் கத்துக்கறவங்களுக்குன்னே போட்ட டிக்ஷனரி வச்சிக்கோங்க, லாங்மேன்காரங்க 1978ல போட்டதுல சுமார் 2,000 சாதாரண வார்த்தையை வச்சே எல்லா அர்த்தத்தையும் விளக்கியிருந்தாங்க, இப்போ அந்த மாதிரி டிக்ஷனரிங்க ஆன்லைன்ல ஃப்ரீயாவே கிடைக்குது. அர்த்தத்தை விட கீழ இருக்கிற எக்ஸாம்பிள் வாக்கியத்தைத்தான் நோட்ல எழுதணும். ஸ்பீக்கர் படத்தையும் ஒரு தடவை அமுக்கிடுங்க, டிட்டர்மைன்ட் இல்ல டிட்டர்மின்ட், விடாமுயற்சிக்கு பெர்சவரன்ஸ் இல்ல பெர்சிவியரன்ஸ், நடுவுல அந்த வியர்ல அழுத்தம்.