முதல் வாரத்தில் பாடம் இருக்கட்டும், முதலில் வழியைப் பழகுங்கள்

மலாயாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து கோலாலம்பூருக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒரு விஷயம். யுனிவர்சிட்டி எல்ஆர்டி (இலகு ரயில்) நிலையத்தில் இறங்கியதும் எதிரே வளாகம் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். பெயர்தான் அப்படி. அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். வளாகமோ மேடும் பள்ளமுமாக விரிந்து கிடக்கிறது. முதல் நாள் நான் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தே போய், சட்டை நனைந்து பதிவுக்கு நின்றேன்.

அதனால் வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய நாள் மாலை, கால அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு விடுதியிலிருந்து ஒவ்வொரு விரிவுரைக் கூடத்துக்கும் ஒருமுறை போய் வாருங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மழைக்கு எங்கே ஒதுங்கலாம் என்பதையும் பாருங்கள். மாலை மழை இங்கே சகஜம், குடை பையிலேயே இருக்கட்டும்.

அடிக்கடி வெளியே போகிறவர் என்றால் மை50 பயண அட்டை எடுத்துவிடுங்கள். மலேசியக் குடிமக்களுக்கு 50 ரிங்கிட்டில் 30 நாள் எல்ஆர்டி, எம்ஆர்டி (மெட்ரோ ரயில்), மோனோரயில், ரேபிட் கேஎல் நகரப் பஸ் எல்லாம் அடக்கம். வாங்கப் போகும்போது மைகார்டு என்ற அடையாள அட்டையை மறக்க வேண்டாம். கேடிஎம் என்ற மலாயா ரயில்வே ரயிலுக்கு மை50 செல்லாது.

அப்புறம், சாப்பாடு. விடுதிச் சாப்பாடு நாக்குக்குப் பிடிக்கவில்லையா? யுனிவர்சிட்டி நிலையத்திலிருந்து எல்ஆர்டியில் நான்காவது நிறுத்தம் கேஎல் சென்ட்ரல், பக்கத்திலேயே 'லிட்டில் இந்தியா' எனப்படும் பிரிக்பீல்ட்ஸ். தோசையோடு பசியாறிவிட்டு வரலாம், ரூம்மேட்டையும் கூட்டிப் போங்கள்.