என்பிஎம்: ^ குறியும் லாக் கோப்பும், புதியவர்களுக்கு

நோட் ஜேஎஸ் போட்டு ஒரு ப்ராஜெக்டும் தொடங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். பிறர் எழுதிய நூலகங்களை (பேக்கேஜ்களை) உங்கள் ப்ராஜெக்டுக்கு இறக்கித் தரும் கருவிதான் என்பிஎம்.

முதலில் பதிப்பு எண்கள். 1.4.2 என்பதில் 1 மேஜர், 4 மைனர், 2 பேட்ச். பிழை திருத்தினால் பேட்ச் ஏறும், பழையதைக் கெடுக்காமல் வசதி கூட்டினால் மைனர், பழைய நிரல் உடையும் என்றால் மேஜர். இதுதான் செம்வெர். ஆனால் இது நூலகத்தை எழுதியவர் தரும் வாக்கு மட்டுமே, என்பிஎம் அதைச் சரிபார்ப்பதில்லை.

அப்புறம், எந்தெந்த பேக்கேஜ் வேண்டும் என்று எழுதி வைக்கும் பேக்கேஜ்.ஜேசனைத் திறந்து எண்ணுக்கு முன்னால் இருக்கும் ^ குறியைப் பாருங்கள். இரண்டு நாள் நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். ^1.4.2 என்று இருந்தால் 1.4.2தான் வரும் என்று நம்பியிருந்தேன், உண்மையில் அது 1.4.2 முதல் 2.0.0க்கு முன்பு வரை எது வேண்டுமானாலும் வரலாம் என்கிற எல்லை. ~1.4.2 என்றால் 1.5.0க்கு முன்பு வரை. பூஜ்ஜியத்தில் தொடங்கினால் கணக்கே வேறு: ^0.4.2 என்பது 0.5.0ஐத் தொடாது, ^0.0.3 என்றால் 0.0.3 மட்டும்தான். என் கணினியில் இருந்தது மூன்று மாதப் பழைய பதிப்பு, சர்வரில் இறங்கியதோ அன்று வந்த புதியது, தேதிகள் எல்லாம் தப்பாக வந்தன. காரணம், இறங்கிய துல்லியமான பதிப்புகளைக் குறித்து வைக்கும் பேக்கேஜ்-லாக் கோப்பை கிட்இக்னோரில் (கிட் சேர்த்துக்கொள்ளாமல் விட வேண்டிய கோப்புகளின் பட்டியலில்) சேர்த்து வைத்திருந்தேன்.

அந்த வரியை நீக்கி, லாக் கோப்பை கமிட் செய்யுங்கள். சர்வரில் 'என்பிஎம் இன்ஸ்டால்' வேண்டாம், 'என்பிஎம் சிஐ' போடுங்கள். அது பேக்கேஜ்கள் இறங்கியிருக்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை அழித்துவிட்டு லாக்கில் உள்ளதை மட்டும் இறக்கும், லாக்கும் பேக்கேஜ்.ஜேசனும் ஒத்துப்போகாவிட்டால் பிழை காட்டி நின்றுவிடும். நிற்கட்டும், தப்பான பதிப்போடு ஓடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

நீங்கள் கேட்காமலே ஒரு பேக்கேஜ் உள்ளே வந்திருந்தால் 'என்பிஎம் எக்ஸ்ப்ளெயின்' போட்டு அதன் பெயரைக் கொடுங்கள், யார் இழுத்து வந்தது என்று சொல்லும். 'என்பிஎம் எல்எஸ்' காட்டும், எது எதை இழுத்தது என்ற மரப் பட்டியலைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி பேக்கேஜ் நீக்கப்பட்டபோது பேபல் (ஜாவாஸ்கிரிப்ட் நிரலை மாற்றித் தரும் கருவி) உட்படப் பல ப்ராஜெக்டுகளின் இன்ஸ்டால் நின்றுபோனது. பாதிக்கப்பட்டவர்களில் பலர் அதை நேரடியாகச் சேர்த்தவர்களே இல்லை.

பின்சேர்க்கை: லாக் கோப்பில் மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் (இருவர் செய்த மாற்றங்களை கிட்டில் இணைக்கும்போது வரும் மோதல்) வந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கையால் திருத்தவே வேண்டாம். பேக்கேஜ்.ஜேசனில் உள்ள மோதலை மட்டும் சரிசெய்துவிட்டு 'என்பிஎம் இன்ஸ்டால்' போட்டால் லாக்கை அதுவே சரிசெய்துகொள்ளும். இன்னொன்று, நீங்கள் வெளியிடுவது ஒரு நூலகம் என்றால் உங்கள் பேக்கேஜ்-லாக் அதைப் பயன்படுத்துகிறவர்களிடம் போய்ச் சேராது, அவர்களுக்குப் பொருந்துவது பேக்கேஜ்.ஜேசனில் நீங்கள் எழுதிய எல்லைதான்.