கேரவன் ஃப்ரிட்ஜ்ல சென்சார் வைக்கிறீங்களா, ட்ரில்லை எடுக்காதீங்க

மாதவரத்துல மச்சானோட கேரவன்ல இருக்குறது கேஸ்லயும் ஓடுற அப்சார்ப்ஷன் ஃப்ரிட்ஜ், கம்ப்ரஸர் கிடையாது, அம்மோனியாவை சூடாக்கித்தான் கூலிங்கே வருது. காசிமேட்டுல மீன் வாங்கிப் போட்டா உள்ள எத்தனை டிகிரின்னு தெரியணுமேன்னு ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒயர் வெச்ச டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி மாட்டினோம்.

தயவுசெஞ்சு ஓட்டை மட்டும் போடாதீங்க, பின்பக்கம் அம்மோனியா பைப் போகுது, அதுல பட்டா ஃப்ரிட்ஜும் போச்சு, அம்மோனியா லீக்கானா மூச்சுக்கும் ஆபத்து. தண்ணி வடியுற ட்ரெயின் டியூப் வழியா மெல்லிசு ஒயரா விடுங்க, தண்ணி போக இடம் இருக்கட்டும், பின்னாடி பர்னர், சூடான குழாய் பக்கம் ஒயர் போகவே கூடாது.

சென்சாரை உள்ள குளிர் தர்ற அலுமினிய ஃபின்ல (வரிசையா இருக்குற தகடு) ஒட்டாதீங்க, அது எப்பவும் கம்மியாத்தான் காட்டும். வாட்டர்ப்ரூஃப் சென்சாரா வாங்கி, நடுத்தட்டுல மூடி போட்ட சின்ன தண்ணி பாட்டிலுக்குள்ள வெச்சா கதவு திறக்குறப்பல்லாம் எகிறாது. 4 டிகிரிக்குள்ள இருந்தா நிம்மதி. ஏறிக்கிட்டே போச்சுன்னா முதல்ல வண்டி சமமா நிக்குதான்னு பாருங்க, சாஞ்சு நின்னா இந்த ஃப்ரிட்ஜ் கூலே ஆகாது. அப்புறம் வெளி வென்ட்ல காத்து போகுதா பாருங்க, மே மாச வெயில்ல அங்க ஒரு சின்ன ஃபேன் வெச்சா நல்லாவே உதவும்.