பழைய இன்லண்டு கடிதத்தைப் படம் எடுக்க ஒரு கறுப்புத் தாள் போதும்

ஊர் வீட்டுக் கம்பியில் குத்திவைத்த பழைய கடிதங்களைச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பப் படம் எடுக்கிறீர்களா? கடிதத்துக்கு அடியில் ஒரு கறுப்புத் தாளை விரித்துவிட்டு எடுங்கள். பின்பக்க எழுத்து முன்பக்கத்தில் நிழலாடுவது பெருமளவு குறைந்துவிடும்.

இன்லண்டு தாள் மெல்லியது. வெள்ளை மேசையில் வைத்தால், தாளை ஊடுருவிப் போகும் வெளிச்சம் மேசையில் பட்டுத் திரும்பி, மறுபக்க எழுத்தையும் காட்டிவிடுகிறது. கறுப்புத் தாள் அந்த வெளிச்சத்தை விழுங்கிக்கொள்ளும். படம் சற்று மங்கலாகத் தெரியும். பிறகு வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளலாம். ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னலோரப் பகல் வெளிச்சமே நல்லது. மடிப்பு ஓரங்களையும் விடாமல் எடுங்கள். "சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது" என்று ஆச்சி இடம் போதாமல் நுணுக்கி எழுதிய வரி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அஞ்சல் முத்திரையையும் தனியாக எடுங்கள். கடிதத்தில் தேதி இல்லாவிட்டால் அதுதான் துணை.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள், எழுத்து சிதையாது.

மை ஊறி மறுபக்கமே வந்துவிட்ட கடிதங்களுக்கு இந்த வழி உதவாது. தபால் கார்டு தடிமனானது, அதற்குத் தேவையும் இல்லை. மடிப்பில் ஒட்டிப்போன கடிதத்தைப் படத்துக்காகப் பிரிக்க முயலவே வேண்டாம், கிழிந்துவிடும்.