பால்கோயோ வானவில் மலைக்குப் போகிறீர்களா?

பெரு நாட்டின் புகழ்பெற்ற வானவில் மலையான வினிகுன்காவில் கூட்டம் நெரியும். அதே நாட்டிலுள்ள பால்கோயோவில் நிதானமாக நின்று பார்க்கலாம். அதுவும் ஒன்றல்ல, வண்ண மலைகள் மூன்று. குஸ்கோ நகரிலிருந்து செக்காகுபே ஊர் வழியாகக் காரில் 3 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இறங்கியபின் நடை கொஞ்சம்தான், ஏற்றமும் லேசு. அதை நம்பித்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள்: உயரம் சுமார் 4,900 மீட்டர். வந்திறங்கிய மறுநாளே கிளம்பினால் தலைவலி, குமட்டல் வரலாம். 3,400 மீட்டரில் உள்ள குஸ்கோவில் 2 இரவாவது தங்கி உடலைப் பழக்குங்கள். தலைவலி கூடினால் உடனே கீழே இறங்கிவிடுங்கள்.

மே முதல் செப்டம்பர் வரை போங்கள். பனி விழுந்தால் நிறமே தெரியாது. செந்நிறப் பட்டைகள் இரும்பு ஆக்சைடால் வந்தவை. மேல்மண் பொலபொலவென்று உதிரும். கால்தடம் எளிதில் மறையாது. தயவுசெய்து பாதையை விட்டு விலகாதீர்கள். தெம்பிருந்தால் கூர்ப்பாறைகள் நிற்கும் 'கல் காடு' வரை ஏறுங்கள். அங்கிருந்து பார்ப்பதுதான் அழகு.