ஸ்க்ரோல் ஓட்டத்தை நாமே கெடுத்துக்கொள்ளும் விதங்கள்

விரலை எடுத்த பிறகும் வலைப்பக்கம் கொஞ்ச தூரம் ஓடி மெல்ல நிற்கிறதே, அந்த ஓட்டம் ஐபோனில் ஒரு மாதிரி, ஆண்ட்ராய்டில் வேறு மாதிரி. இரண்டையும் ஒன்றாக்கியே தீருவேன் என்று ஜாவாஸ்கிரிப்டில் சொந்தமாக ஸ்க்ரோல் எழுதக் கிளம்புவதுதான் முதல் தவறு. யாரும் இரண்டு போன்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடப் போவதில்லை. தன் போனில் மற்றவை ஓடுவதுபோல உங்கள் பக்கமும் ஓடினால் போதும்.

நானும் ஒரு காலத்தில் எழுதினேன். ஒவ்வொரு ஃப்ரேமிலும், அதாவது திரை புதிதாக வரையப்படும் ஒவ்வொரு முறையும், வேகத்தை 0.95-ஆல் பெருக்கிக் குறைப்பதுதான் கணக்கு. நொடிக்கு 60 ஃப்ரேம் காட்டும் 60 ஹெர்ட்ஸ் திரையில் அருமையாக ஓடியது. 120 ஹெர்ட்ஸ் திரையில் பாதி தூரத்திலேயே நின்றுவிட்டது. அதே ஒரு நொடியில் இருமடங்கு முறை பெருக்குகிறோமே! ஐபோனில் லோ பவர் மோட் போட்டாலோ நேர் எதிர்: சஃபாரி நொடிக்கு 30 ஃப்ரேமுக்கு இறங்கும், பட்டியல் எங்கேயோ போய் நிற்கும். எழுதியே ஆக வேண்டுமென்றால் ஃப்ரேமை எண்ணாதீர்கள். முந்தைய ஃப்ரேமிலிருந்து கடந்த மில்லிசெகண்டை 16.7-ஆல் (60 ஹெர்ட்ஸில் ஒரு ஃப்ரேமின் நேரம்) வகுத்து, அதை 0.95-இன் அடுக்காகப் போடுங்கள்.

பக்கத்துக்குள் இருக்கும் பட்டியலுக்கும் ஐபோனில் இந்த ஓட்டம் வர, 'வெப்கிட் ஓவர்ஃப்ளோ ஸ்க்ரோலிங் டச்' என்ற பழைய சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் மொழி) வரியை இன்னும் எல்லா இடத்திலும் ஒட்டுகிறார்கள். 2019-இல் வந்த ஐஓஎஸ் 13-லிருந்து அது தேவையில்லை. ஓவர்ஃப்ளோ ஆட்டோ போதும்.

அப்புறம், டச்மூவ் லிசனர், அதாவது விரல் நகர்வதைக் கவனிக்கும் கோட். விண்டோ, டாக்குமெண்ட், பாடி மூன்றிலும் வைத்தால் குரோம் 2017 முதல் அதைத் தானாகவே பேஸிவாக, அதாவது ஸ்க்ரோலைத் தடுக்காததாக, எடுத்துக்கொள்கிறது. உள்ளே இருக்கும் ஒரு டிவ்வில் (பக்கத்தின் ஒரு பெட்டியில்) வைத்தால் அந்தச் சலுகை இல்லை. நீங்கள் தடுக்கப் போகிறீர்களா என்று பிரவுசர் காத்திருக்கும், விரல் இழுத்துச் சற்றுத் தாமதித்துத்தான் பக்கம் நகரும். பேஸிவ் ட்ரூ கொடுங்கள். ஒரு திசையை மட்டும் தடுக்க வேண்டுமா? சிஎஸ்எஸ்ஸில் டச் ஆக்‌ஷன் இருக்கிறது.

ஓட்டம் நடக்கும்போதே ஸ்க்ரோல்டாப்பை (பட்டியல் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்ற எண்ணை) மாற்றுவது இன்னொரு தவறு. சாட் பட்டியலின் மேலே பழைய செய்திகளைச் சேர்க்கும்போது இதைச் செய்துவிடுவோம். ஐபோனில் ஓட்டம் சட்டென அறுந்துபோகும். நின்ற பிறகு சேருங்கள்.

பாப்அப் பட்டியல் முடிந்ததும் பின்னால் உள்ள பக்கம் ஓடுகிறதா? சிஎஸ்எஸ்ஸில் ஓவர்ஸ்க்ரோல் பிஹேவியர் கன்டெய்ன் போடுங்கள். சஃபாரியிலும் 2022 முதல், அதாவது பதிப்பு 16-லிருந்து, வேலை செய்கிறது.

இவை எதையும் கணினி பிரவுசரின் சோதனைக் கருவியான டெவ்டூல்ஸில் மவுஸால் இழுத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அங்கே தெரிவது போனின் ஓட்டமே அல்ல.