மீதைல்ஃபெனிடேட்: மாத்திரையைக் கையாள்வதில் நேரும் தவறுகள்

ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு உறுதியான ஒரு பிள்ளைக்கு மருத்துவர் மீதைல்ஃபெனிடேட் எழுதிக்கொடுத்ததும், பெற்றோர் பலர் முதலில் அதன் பெயரைக் கைப்பேசியில் தேடுகிறார்கள். தூண்டு மருந்து என்றும், போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருவது என்றும் படித்தவுடன் மருந்துச்சீட்டு மடிக்கப்பட்டு அலமாரிக்குள் போய்விடுகிறது. அந்த அச்சத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஒரு நிமிடம் ஓரிடத்தில் உட்காராத பிள்ளைக்கு எதற்காகத் தூண்டு மருந்து என்று கேட்பது நியாயமான கேள்விதான். நரம்புச் செல்கள் வெளிவிடும் டோபமைனும் நார்அட்ரினலினும் உடனே திரும்ப உறிஞ்சப்படாமல் இம்மருந்து தடுப்பதால், கவனத்தையும் பொறுமையையும் ஆளுகிற மூளையின் முன்பகுதி வலுப்பெறுகிறது; பிள்ளை அடங்குவது அதன் விளைவு. 1937இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி என்னும் மருத்துவர் 30 சிறுவர்களுக்கு இதே வகையைச் சேர்ந்த இன்னொரு தூண்டு மருந்தான ஆம்ஃபெட்டமினைக் கொடுத்தபோது, ஏறத்தாழப் பாதிப் பேரின் பள்ளிப்பாடம் வெளிப்படையாக மேம்பட்டதைக் கண்டு எழுதிவைத்தார். ஆகவே, இந்த மருந்துவகை நேற்று முளைத்ததன்று. ஆனால் ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குப் பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சியே முதல் படியாக இருக்க வேண்டும். அதைத் தாண்டி மாத்திரைக்கு அவசரப்படுவதும் தவறு.

வீடுகளில் அதிகம் நேர்வது மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது. விழுங்க அடம்பிடிக்கும் பிள்ளைக்குத் தயிர்சாதத்தில் கலந்து ஊட்டும் வழக்கம் நமக்குப் பழகியது. மீதைல்ஃபெனிடேட்டில் உடனே கரைந்து மூன்று, நான்கு மணி நேரம் வேலைசெய்யும் வகையும், காலையில் விழுங்கினால் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் சிறுகச் சிறுக மருந்தை விடும் வகையும் உண்டு. இரண்டாம் வகையைப் பொடித்தால், நாள் முழுவதற்குமான அளவு ஒரேயடியாக இரத்தத்தில் இறங்கி நெஞ்சைப் படபடக்கவைக்கும். சில நீள்செயல் மாத்திரைகளின் மேலோடு கரையாத பொருளால் ஆனது; அதிலுள்ள நுண்துளை வழியே மருந்து மட்டும் வெளியேற, வெற்று ஓடு மலத்தோடு வந்துவிடும். அதைப் பார்த்து, மாத்திரை செரிக்கவில்லை என்றெண்ணி இன்னொன்றைக் கொடுத்துவிடக் கூடாது. சில காப்ஸ்யூல்களைத் திறந்து உள்ளிருக்கும் மணிகளை மெல்லாமல் விழுங்கும்படி உணவில் தூவலாம். கையிலிருப்பது எவ்வகை என்பதை மருந்தாளரிடம் கேட்டு, பெட்டியின் மேலேயே எழுதிவையுங்கள்.

அடுத்தது நேரம். காலையில் மறந்த நீள்செயல் மாத்திரையை மாலையில் கொடுத்தால் பிள்ளை நள்ளிரவிலும் விழித்திருக்கும். அன்றைய வேளையை விட்டுவிட வேண்டும்; மறுநாள் இரட்டிப்பாகக் கொடுக்கவும் கூடாது. பசி மந்தமாவது எதிர்பார்க்க வேண்டிய பக்கவிளைவு என்பதால், மதிய டிபன் பாக்ஸ் திறக்கப்படாமலே திரும்பி வரும். மாத்திரைக்கு முன்பே இட்லியோ தோசையோ வயிறாரக் கொடுத்து, மருந்தின் வீரியம் தணியும் இரவில் மறுபடி நன்றாக உண்ணவையுங்கள். உயரமும் எடையும் வளர்ச்சி அட்டவணையில் தொடர்ந்து பதிவாக வேண்டும். இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் அளவு மாறும்போதெல்லாம் பார்க்கப்பட வேண்டும். மாலையில் மருந்தின் வீரியம் தணியும் வேளையில் பிள்ளை எரிந்துவிழுவதை அளவு போதவில்லை என்று நீங்களாகவே முடிவுகட்ட வேண்டாம். மணியைக் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

மருத்துவரிடம் சொல்லாமல் விடுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. குடும்பத்தில் இளவயதில் யாரேனும் திடீரென இறந்தது, பிள்ளை விளையாடும்போது மயங்கி விழுந்தது, இதயக் குறைபாடு, தைராய்டு மிகைப்பு, கிளாக்கோமா, மனச்சிதைவு ஆகியவற்றை அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். எம்ஏஓ தடுப்பான் வகை மனச்சோர்வு மருந்தை நிறுத்திப் பதினான்கு நாள் ஆகாமல் இதைத் தொடங்கவே கூடாது. நெஞ்சுவலியோ, மயக்கமோ, இல்லாத குரல் கேட்பதோ ஏற்பட்டால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தம்பியின் மாத்திரையை நுழைவுத்தேர்வுக்குப் படிக்கும் அக்கா எடுத்துக்கொள்வதைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த கவலை. கண்விழிக்க உதவும் என்பது மெய். அறிவு கூர்மையாகும் என்பதற்கு உறுதியான ஆதாரமில்லை. மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில், நலமுள்ள 40 பேர் மீதைல்ஃபெனிடேட், ஆம்ஃபெட்டமின் வகையான டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமின், தூக்கத்தை விரட்டும் மோடாஃபினில் ஆகியவற்றின் துணையோடு கடினமான கணக்குப் புதிர்களைத் தீர்க்க முயன்றார்கள். அவர்களின் உழைப்பு கூடியது, அந்த உழைப்பின் தரம் குறைந்தது. தூக்கம் இழந்த பிள்ளை தேர்வறையில் படித்ததையும் மறக்கும். மீதைல்ஃபெனிடேட் பழக்கமாகி அளவு ஏறினால் அடிமைத்தனம், மனக்குழப்பம் வரை போகும். இந்தியாவில் மீதைல்ஃபெனிடேட் மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையில் இருப்பதால், சீட்டு இரட்டைப் பிரதியாக எழுதப்பட்டு, ஒரு பிரதி இரண்டாண்டுக்குக் கடையில் பாதுகாக்கப்பட வேண்டும். சீட்டில்லாமல் கைமாற்றுவது குற்றம். எனவே மாத்திரை அட்டையைப் பிள்ளைகளின் கைக்கெட்டாமல் பூட்டிவைத்து, எத்தனை மீதமிருக்கின்றன என்று வாரம் ஒருமுறை எண்ணிப்பாருங்கள்.